பிடிநீர்

பிறக்காத பிள்ளைகளுக்கும் கூட்டத்தில் ஒரு நாற்காலி உண்டு. தேரிக்குளம் நீர்மன்றத்தில் அது மேசையின் கிழக்கு ஓரத்தில் கிடக்கும். நல்ல தேக்கு. பதினோரு வருடமாக யாரும் உட்காராததால் மெருகு அப்படியே இருந்தது. அதன் முதுகில் பதித்திருந்த சின்னப் பெட்டியிலிருந்து பின்னவர் பேசும்.

பின்னவர் என்பது எந்திரம். நாட்டின் ஆற்றுப்படுகை ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒன்று வைத்திருந்தார்கள். எவ்வளவு மழை பெய்யும், மண் எவ்வளவு குடிக்கும், அறுபது வருடம் கழித்து வருகிறவனுக்கு எவ்வளவு மிச்சம் வேண்டும் என்று அது ஓயாமல் கணித்துக்கொண்டிருக்கும். வரப்போகிறவர்களின் வாய் அதுதான் என்று சட்டம் சொன்னது. ஆனாலும் எந்திரம் மட்டும் முடிவு செய்யக்கூடாது, பக்கத்தில் ஒரு மனிதக் கைரேகையும் வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. அந்தக் கைரேகை பிரம்மசக்தியுடையது. பிறவாதோர் பிரதிநிதி என்று அவளுக்குப் பெயர். ஊர் வேறு பெயர்கள் வைத்திருந்தது; அவற்றை அவள் காதுபட யாரும் சொன்னதில்லை.

“களஞ்சியத்துல எம்புட்டுக் கெடக்கு?” என்று கேட்டார் மன்றத் தலைவர் சிவனணைந்தபெருமாள்.

“நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு நிறைந்திருக்கிறது” என்றது பின்னவர். குழந்தைக் குரலும் அல்ல, பெரியவர் குரலும் அல்ல. ஒரு குழு உட்கார்ந்து மூன்று மாதம் யோசித்துத் தேர்ந்தெடுத்த குரல் அது.

“கேட்டியளா. மண்ணுக்குக் கீழ தொண்ணூத்திநாலு. மண்ணுக்கு மேல ஆளுக்கு ஒம்பது லிட்டர். குடிக்க, பொங்க, கழுவ எல்லாத்துக்கும் சேத்து ஒம்பது. மூணு வருசமா வானம் ஏமாத்திட்டு. ஒரு நாப்பது நாளைக்குக் களஞ்சியத்தத் தொறந்து விட்டா ஐப்பசி மழைக்கு மூடிறலாம்.”

அறையில் இருந்த ஐம்பது பேரும் நாற்காலியைப் பார்க்காமல் பிரம்மசக்தியைப் பார்த்தார்கள்.

“ஐப்பசி மழை வரும்னு யாரு எழுதிக் குடுத்தா?” என்றாள் அவள். “போன வருசமும் இதைத்தான் சொன்னிய. அதுக்கு முந்தின வருசமும் இதைத்தான் சொன்னிய. ரெண்டு தடவையும் தொறந்திருந்தா இப்ப தொறக்கக் களஞ்சியம் இருந்திருக்குமா?”

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் ஊருக்கு ஆத்திரம். ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார். கூட்டம் அத்துடன் கலைந்தது.

தேரி என்பது சிவப்பு மணற்காடு. திருச்செந்தூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பனைகளைக் கழுத்துவரை புதைத்துவைத்திருக்கும் அந்தச் செம்மணல் மழையை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிவிடும். அந்த மணலுக்கு அடியில் கிடந்த நன்னீரைத்தான் முன்னாளில் ஆழ்துளை போட்டு உறிஞ்சித் தீர்த்தார்கள். இனிப்புத் தண்ணீர் போய், உப்புத் தண்ணீர் வந்து, கடைசியில் அதுவும் போயிற்று. பிரம்மசக்திக்கு அப்போது ஒன்பது வயது. லாரித் தண்ணீர் குடித்து வயிற்றோட்டத்தில் செத்த தம்பிக்கு நான்கு வயது. தீர்த்தவர்கள் யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை. அவர்கள் நிறையக் குடித்து, நிறைவாக வாழ்ந்து செத்துப்போயிருந்தார்கள். பிறக்காதவனைக் கேட்காமல் அவன் பங்கைக் குடிப்பதும் திருட்டுதான் என்று அவள் படித்த காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசினாள். நாடே அப்படிப் பேசிய காலம் அது. சட்டம் வந்தது. தேரியைச் சுற்றி மணலுக்குள் சுவர் இறக்கி, மழைநீரைக் கீழே வடிய விட்டு, ‘மணற்களஞ்சியம்’ கட்டினார்கள். நீர் ஏறியது. பனைகள்கூடத் தழைத்தன. அதைப் பார்த்த நாளில் அவள் தம்பியை நினைத்து மணலில் உட்கார்ந்து அழுதாள்.

பிடிநீர் அவளுடைய யோசனை. அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அள்ளித் தனிப் பானையில் போட்டுவைப்பாள். இல்லாத நாளுக்கு அது சோறாகும். அதைப்போலவே, ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று பதிந்த நாளிலிருந்து அந்த வீட்டுக் குழாயில் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு, வரும் பிள்ளையின் பேரில் களஞ்சியத்துக்கு இறங்கும். பிள்ளை பிறந்ததும் அதற்கென்று தனிப்பங்கு வீட்டுக்கு வரும். ஏதாவது தவறிப்போய்ப் பிள்ளை நிலைக்காவிட்டால், பிடித்த நீரை அன்றைக்கே வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். நியாயமாக இருக்கவேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினாள்.

ஆளுக்கு ஐம்பது லிட்டர் வந்த காலத்தில் பிடிநீர் பெருமையாக இருந்தது. “எங்க வீட்டுல பிடிநீர் எறங்குது” என்று மாமியார்கள் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஒன்பது லிட்டர் ஆனபிறகு யாரும் சொல்லவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசிக் கடைசியில், பின்னவர் மன்றத்தில் ஒரு கேள்வி கேட்கும்: வரப்போகிறவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அடுத்த வருடக் களஞ்சியம் பிரிக்கப்படும். பிள்ளை வரும் இடத்துக்குத்தான் நீர். யாருமே வரப்போவதில்லை என்றால், களஞ்சியம் இணைப்புக் கால்வாய் வழியே பிள்ளைகள் உள்ள வேறு படுகைக்குப் போய்விடும். தேரிக்குளத்தின் எண்ணிக்கை நாற்பத்தொன்றிலிருந்து பதினேழாகி, பதினேழிலிருந்து மூன்றாகி, இந்த வருடம் பதினொரு நாள் மிச்சமிருக்கும்போது பூஜ்யத்தில் நின்றது. பெண்களின் வயிற்றை எந்திரம் உற்றுப்பார்க்கக்கூடாது என்று சட்டத்தில் இருந்தது. வந்தவர்களை அது எண்ணலாம். வரப்போகிறவர்களை மனிதர்கள் சொன்னால்தான் எண்ணலாம்.

பஞ்சத்தில் பிள்ளை பெற யாருக்கும் மனசு வரவில்லை என்று பிரம்மசக்தி நினைத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து வரும் வழியில் ஒரு வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. உட்காரச் சொன்னார்கள். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்கள். தண்ணீர் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்காத ஊர் அல்ல அது. இன்றைக்கும் பிறத்தியாருக்கு அரை டம்ளராவது நீட்டுவார்கள். அவளுக்கு மட்டும் மூன்று வருடமாக யாரும் நீட்டுவதில்லை. அவளும் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் கேட்பதில்லை. அதைவிட அவளுக்கு வருத்தம், மகள் நித்திலா தன்னைப் பார்க்க வந்து நான்கு மாதமாயிற்று என்பது. எட்டுக் கிலோமீட்டர் தள்ளி நடுத்தேரியில் பள்ளிக்கூட ஆசிரியை. கூப்பிட்டால் பேசுவாள். முகம் காட்டிப் பேசச் சொன்னால், கைபேசி சரியில்லை என்பாள்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு சுயம்புக்கனி வந்து நின்றாள். நடுத்தேரி சுகாதார நிலையத்தில் முப்பது வருடமாக நர்ஸ். பிரம்மசக்தியைவிட இரண்டு வயது மூத்தவள். ஏழு வருடத்துக்கு முன்னால் மன்றத்தில் இருவருக்கும் ஒரு வாக்குவாதம் நடந்து, அதோடு பேச்சு நின்றிருந்தது. இப்போதும் அவள் உட்காரவில்லை. ஒரு வளையலை எடுத்து மேசைமேல் வைத்தாள். கண்ணாடி வளையல்தான். ஆனால் சுற்றிலும் மஞ்சள் நூல் இடைவெளி இல்லாமல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

“இது என்னக்கா?”

“வளைகாப்பு வளையலு. சத்தம் கேக்கக்கூடாதுன்னு நூலு சுத்தியிருக்கு. மூணு வருசமா எங்க பக்கம் எல்லாம் இப்படித்தான். கதவ அடச்சிக்கிட்டு, பாட்டு இல்லாம, கொலவ இல்லாம. பதிஞ்சா கொழா மெலிஞ்சிரும்லா.”

பிரம்மசக்தி வளையலைக் கையில் எடுத்தாள். மேசையில் தட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. வரப்போகிற பிள்ளையைக் கொஞ்ச நாள் வெளியே சொல்லாமல் வைத்திருப்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான், கண்பட்டுவிடும் என்ற பயம். அந்தப் பழைய பயத்தோடு இந்தப் புதிய பயமும் சேர்ந்து ஒன்பது மாதத்துக்கும் நீண்டுவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“இது யாருக்குப் போட்டது?”

“ஒம் மவளுக்கு” என்றாள் சுயம்புக்கனி. “ஏழாம் மாசம் முடியப்போவுது. ரெண்டு நாளாக் காய்ச்ச. ஒங்கிட்டச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். சத்தியம் கெடக்கட்டும், நீ கெளம்பு.”

நித்திலா கூடத்துக் கட்டிலில் கிடந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன, உதடு வெடித்திருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை நூல் வளையல். மருமகன் செந்தூர்பாண்டி ஈரத்துணியை அவள் நெற்றியில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். மாமியாரைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கத்தை” என்றான். குற்றம் செய்து பிடிபட்டவனைப்போல் நின்றான்.

பெற்ற மகளுக்கு வளையல் போட்டிருக்கிறார்கள். தெருவே வந்திருக்கிறது. சீர் என்று ஆளுக்கொரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து குடத்தில் ஊற்றினார்களாம். தாயை மட்டும் கூப்பிடவில்லை. பிரம்மசக்தி கோபப்படத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் வந்தது வேறு.

“ஏட்டி, எங்கிட்டக்கூடவா சொல்லப்பிடாது?”

“சொன்னா என்ன செஞ்சிருப்ப?” என்றாள் நித்திலா.

 என்ன செய்திருப்பாள் என்று இருவருக்கும் தெரியும். அன்றைக்கே, சந்தோஷமாக, முதல் ஆளாகப் பதிந்திருப்பாள்.

“நீ தப்பா நெனைக்காத, யம்மா. ஒனக்குப் பொய் சொல்ல வராது. ஒன்ன ஏன் கஷ்டப்படுத்தணும்னுதான்.”

சுயம்புக்கனி பிரம்மசக்தியைக் கொல்லைப்புறம் அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னாள். “மூத்திரத்துல கிருமி. எப்பமோ வந்திருக்கு. நெலையத்துக்கு வந்தா பேரு பதியணும், அதான் வரல. பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போனா ஊத்தத் தண்ணி வேணும். அதனால காலையில வாயில ஒரு மடக்கு விட்டா சாயங்காலந்தான் அடுத்த மடக்கு. இங்க பாதிப் பேரு அப்படித்தான் இருக்காளுவ. இப்ப இடுப்பு வலி வேற தொடங்கிட்டு. தூத்துக்குடியில இருந்து வண்டி வர மூணு மணி ஆவும். அதுவரைக்கும் ஒடம்பத் தொடச்சிக்கிட்டே இருக்கணும், குடிக்கக் குடுத்துக்கிட்டே இருக்கணும். கெடக்குறது ஒரு செம்பு.”

“தெருவுல?”

“மத்தியானம் ஆச்சு. யாரு வீட்டுல இருக்கும்?”

பிரம்மசக்தி கைபேசியை எடுத்துப் பின்னவரை அழைத்தாள்.  உள்ளூர ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தப் பிள்ளைக்காகத்தானே பதினோரு வருடம் காவல் இருந்தோம், நம் பக்கத்து நாற்காலிக்காரன் நம்மைக் கைவிடுவானா என்று நினைத்தாள்.

“வணக்கம், பிரதிநிதி அவர்களே.”

“நடுத்தேரி இணைப்புக்குக் களஞ்சியத்துல இருந்து இருநூறு லிட்டர் தொறக்கணும். பிறக்கப்போற பிள்ளைக்கு. என் ரேகையை எடுத்துக்கோ.”

“அந்த வீட்டில் பிறக்கப்போகிறவர் யாரும் பதிவில் இல்லை.”

உள்ளேயிருந்து நித்திலா, “யம்மா, பதியாத” என்றாள். அது தெளிவாகக் கேட்டது. பிரம்மசக்தி பதிந்தாள். பெயர், மாதம், தாய், தந்தை. சொல்லி முடித்ததும் கூடத்துக் குழாயின் மேலிருந்த சின்னக் கண் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. பிடிநீர் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

“பதிந்தாயிற்று. வாழ்த்துகள், பிரதிநிதி அவர்களே. இந்தப் படுகையில் இந்த ஆண்டின் முதல் வரவு” என்றது பின்னவர்.

“தண்ணி.”

“களஞ்சிய நீர் பிறக்கப்போகிறவருக்கு உரியது. கேட்கும் நீர் தாய்க்கு. தாய் இப்போது இருப்பவர்.”

“தாய் குடிக்காம பிள்ளை எப்படிப் பிறக்கும்?”

பின்னவர் பழைய பதிவைத் தேடி எடுத்தது. 

“இதே கேள்வியை ஏழு ஆண்டுகளுக்கு முன் செவிலியர் சுயம்புக்கனி மன்றத்தில் கேட்டார். கர்ப்பிணிகளுக்குக் களஞ்சியத்திலிருந்து நீர் தரவேண்டும் என்றார். நான் அப்போது முடிவு சொல்ல முடியாமல் உங்களிடம் விட்டேன். ‘இன்றைக்கு வயிற்றைக் காட்டி ஒரு வாய் குடிக்கும், நாளைக்கு ஊரே அந்த வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குடிக்கும், விடக்கூடாது’ என்று நீங்கள் சொன்னீர்கள். இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு கோரிக்கைகளுக்கு அதை அடிப்படையாக வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் பதில் நேர்மையானது என்று மதிப்பிட்டேன். மாற்றவேண்டுமானால் மன்றத்தில் முப்பது நாள் அறிவிப்பு தரவேண்டும்.”

பக்கத்தில் சுயம்புக்கனி நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்தது. குத்திக்காட்ட அதைவிட நல்ல நேரம் அவளுக்கு வாழ்நாளில் கிடைத்திருக்காது. அவளோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு, தெருவில் வீடு வீடாகக் கேட்கப் போனாள். பின்னாலேயே பிரம்மசக்தியும் ஒரு குடத்தோடு போனாள். அரை டம்ளர், கால் செம்பு, பிள்ளைக்கு வைத்திருந்த பால்புட்டித் தண்ணீர். எல்லா வீட்டிலும் கொடுத்தார்கள். ஒரு வீட்டிலும் அவள் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. மொத்தம் ஒன்றரைக் குடம் சேர்ந்தது.

வண்டி வந்து ஏற்றிப்போனார்கள். ஆஸ்பத்திரியில் வேண்டிய மருந்து இருந்தது, நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். கிருமி அதற்கு முன்னாலேயே உள்ளே போயிருந்தது. மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. நித்திலா பிழைத்துக்கொண்டாள், இன்னும் பத்து நாளாவது அங்கே இருக்கவேண்டும் என்றார்கள். குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றிப் பாட்டியின் கையில் கொடுத்தார்கள்.

பிரம்மசக்தியும் செந்தூர்பாண்டியும் நடுத்தேரிக்கு வந்து சேர்ந்தபோது முற்பகல் வெயில் ஏறியிருந்தது. தேரியில் குழி வெட்ட இரண்டு பேர் போயிருந்தார்கள். தெருப் பெண்கள் வாசலில் நின்றார்கள். குழந்தையைக் குளிப்பாட்டித்தான் கொண்டுபோக வேண்டும். செந்தூர்பாண்டி அடுக்களைக்குப் போய்க் குடங்களைச் சாய்த்துப் பார்த்தான்.

அப்போது குழாய் தானாகத் திறந்தது.

யாரும் கைவைக்கவில்லை. முதலில் ஒரு செருமல், பிறகு நல்ல கனமான நீர், மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் பார்க்காத கனம். வாளி நிரம்பும் சத்தம் கூடத்தில் கேட்டது. குழாய்க்கண் மஞ்சளிலிருந்து மறுபடியும் பச்சைக்கு மாறியது. பிரம்மசக்தியின் இடுப்பில் கைபேசி பேசியது.

“பதிவு முடித்துவைக்கப்பட்டது. உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், பிரதிநிதி அவர்களே. இரண்டு நாள் பிடிநீர், ஏழு லிட்டரும் இருநூறு மில்லியும், விதிப்படி திருப்பித் தரப்படுகிறது.”

அவள் எழுதிய வரி. அதில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

குழந்தையை மடியில் கிடத்தி அவள் தண்ணீர் ஊற்றினாள். சேந்தி ஊற்ற ஒரு கை உதவிக்கு வந்தது. தலை நிறைய முடி இருந்தது. நித்திலாவுக்கும் பிறக்கும்போது இப்படித்தான் இருந்தது. அந்தப் பிள்ளை இந்த உலகத்தில் தன் பங்கிலிருந்து எடுத்துக்கொண்டது அந்தக் குளியல் மட்டும்தான். பிரம்மசக்தி அடக்கமுடியாமல் அழுதாள். பெரிய சத்தம் போட்டு அழுதாள். வாசலில் நின்றவர்களும் அழுதார்கள்.

கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோதுதான், செம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். எதிர்வீட்டு முத்துச்செல்வம் மனைவி சாந்தகுமாரியின் கை. மஞ்சள் நூல் சுற்றிய வளையல்கள். அவளுக்குப் பின்னால் நின்றவளின் கையிலும். நிலைப்படியைப் பிடித்திருந்த கையிலும். பிரம்மசக்தி பார்ப்பதைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியாகக் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஐந்து பேர்.

மறுநாளே அவள் விதியை மாற்றக் கேட்டு மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தாள். கர்ப்பிணி குடிப்பது பிறக்கப்போகிறவர் குடிப்பதே, பிடிநீரை நிறுத்தவேண்டும். பின்னவர் அதை மரியாதையோடு பெற்றுக்கொண்டு, முப்பது நாள் அறிவிப்பில் வைத்தது. ஐப்பசிக் கடைசியில் எடுத்துக்கொள்ளப்படும். புரட்டாசிக் கணிப்புக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

கணிப்பு நாளில் மன்றம் நிரம்பி வழிந்தது. நடுத்தேரியிலிருந்தும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் அந்த ஐந்து பேரும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வராமல் வீட்டில் இருக்க அவர்களுக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது. தங்கள் குழாய் இன்று என்ன ஆகும் என்பது ஒரு பெண்ணின் வாயில் இருக்கும்போது எப்படி வீட்டில் இருப்பது?

தலைவர் சிவனணைந்தபெருமாள் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “யாராவது ஒருத்தராவது பதிஞ்சிருக்கலாம். பூஜ்யம்னு போனா களஞ்சியம் வடபடுகைக்குப் போயிரும். நம்ம மண்ணுக்குள்ள நாம எறக்குன தண்ணி.”

“கீழ கெடந்து நமக்கு என்னத்தக் குடுத்துட்டு?” என்றார் ஒருவர். “எங்க இருந்தா என்ன?”



“பிரதிநிதி அவர்களே” என்றது பின்னவர். “தேரிப் படுகையில் வரப்போகிறவர்கள் எத்தனை பேர்?”

பிரம்மசக்தி எழுந்தாள். ஐந்து என்று சொன்னால் களஞ்சியம் இங்கேயே இருக்கும். அந்த ஐந்து வீட்டுக் குழாயும் இந்த நிமிடமே மெலியும். ஐந்து பெண்கள் காலையில் ஒரு மடக்கும் சாயங்காலம் ஒரு மடக்கும் குடித்துக்கொண்டு ஐப்பசிக் கடைசிவரை காத்திருக்கவேண்டும். அதில் எத்தனை பேர் தாண்டுவார்கள் என்று சுயம்புக்கனிக்குத் தெரியும். இப்போது அவளுக்கும் தெரியும். இல்லை என்று சொன்னால் அந்த ஐந்து பிள்ளைகளும் ஒருவேளை பிறப்பார்கள். பிறந்து, வளர்ந்து, மண்ணைத் தோண்டும்போது ஒன்றும் இருக்காது. அவள் தம்பிக்கு இல்லாமல்போனதைப்போல.

கடைசி வரிசையைப் பார்த்தாள். அவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்திருந்தார்கள். எதையும் கெஞ்சவில்லை. அவளிடம் கெஞ்சிப் பயனில்லை என்று அந்த ஊர் முடிவுகட்டி எவ்வளவோ காலமாயிற்று.

“ஒனக்குப் பொய் சொல்ல வராது” என்று நித்திலா சொன்னது நினைவுக்கு வந்தது.

“யாருமில்லை” என்றாள் பிரம்மசக்தி.

“உறுதிதானே?”

“உறுதி. இங்க இனி யாரும் வரப்போறதில்லை.”

ஐந்து பேரும் தலையை நிமிர்த்தினார்கள்.

“உங்கள் சொல்லை ஏற்கிறேன். நீங்கள் ஒருபோதும் தவறாகச் சொன்னதில்லை” என்றது பின்னவர். “பெறுவோர் இல்லாததால் தேரிக்குளம் மணற்களஞ்சியம் இன்றுமுதல் வடபடுகையின் பிறவாதோருக்கு உரியது. இந்தப் படுகையில் என் பணியும் இத்துடன் முடிகிறது. ரேகை வைக்கவும்.”

அவள் கட்டைவிரலை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தேரிப் பக்கமிருந்து பெரிய மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும் இரைச்சல் வந்தது. தரை லேசாக அதிர்ந்தது. பதினோரு வருடமாக இறங்கிய மழையெல்லாம் மணலுக்கு அடியிலிருந்து வடக்கே நகரத் தொடங்கியது. நாற்காலியின் முதுகில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு அணைந்தது. இனி அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். பிரம்மசக்திக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்து நிமிர்ந்தாள். சாந்தகுமாரி. கையில் எவர்சில்வர் டம்ளர், அதில் முக்கால்வாசி தண்ணீர்.

“குடிங்க, சித்தி” என்றாள் அவள்.

டம்ளரில் வளையல்கள் உரசின. சத்தம் வரவில்லை. மண்டபம் முழுக்க மோட்டார் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, பிரம்மசக்தி அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.